முதலில் உறை, அப்புறம் கத்தி

"எந்த இரும்புங்க நல்லது?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கத்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் யூடியூபில் நாலு காணொளி பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரும்பின் பெயர் தெரிகிறது, கடினத்தன்மை எண் தெரிகிறது. அந்தக் கத்தி எந்தப் பையில் போகும், வண்டியில் உட்காரும்போது தொடையில் எங்கே முட்டும், குனிந்தால் விழுமா விழாதா என்று கேட்டால் முழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரும்பு மூன்றாவது கேள்விதான். முதல் கேள்வி உறை. இரண்டாவது, அலகு எவ்வளவு கனம், அதாவது வெட்டும் தகடு எவ்வளவு தடிமன் என்பது.

நான் சொல்வது மடங்காத கத்தியை. பைக்கத்தி என்றாலே நமக்கு மடக்குக்கத்தியோ பேனாக்கத்தியோதான் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. அலகும் பிடியும் ஒரே துண்டு, கீல் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. உறையில் போட்டுப் பேன்ட் பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. மொத்த நீளம் ஒரு சாண்கூட வராது.

என் பிழைப்பு சொட்டுநீர்ப் பாசனம் போட்டுக்கொடுப்பது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகள், நடுநடுவே வாழை, அங்கங்கே தக்காளி. இந்த வேலையில் கத்தி இல்லாமல் அரை மணி நேரம் ஓட்ட முடியாது. டியூப் சுருளின் கட்டை அறுக்கணும், டியூப்பை அளவுக்கு நறுக்கணும், மோட்டார் கேபிளின் மேல்தோலை உரிக்கணும், உரச்சாக்கின் தையலைப் பிரிக்கணும். மதியம் யாராவது மாம்பழம் கொடுத்தால் அதையும் அரியணும். அரிவாள் தோட்டத்தில் எப்போதும் இருக்கும். ஆனால் டியூப் நறுக்க அரிவாளா எடுப்பது?

அந்த 16 மி.மீ. கறுப்பு டியூப்பை நறுக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டு நேராக விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும், இரண்டு டியூப்பை இணைக்கிற ஜாய்னரின் தோள்பட்டையில் ஒரு பக்கம்தான் முட்டும், மறுபக்கம் இடைவெளி நிற்கும். மோட்டார் போட்டதும் அங்கேதான் பீச்சும். அதனால் டியூப்பை வளையாமல் பிடித்து, அலகைச் செங்குத்தாக மேலே வைத்து, இடது கையால் டியூப்பை ஒரு சுற்று உருட்டணும். கத்தியை அழுத்தவே கூடாது, கத்தி சும்மா நிற்கணும். இதற்கு வேண்டியது நல்ல கூர், மெல்லிய அலகு, ஆடாத பிடி. மூன்றும் மடக்குக்கத்தியிலும் கிடைக்கும், புதிதாக இருக்கும்வரை.

ஒரு மாதம் தோட்டத்தில் புழங்கிய மடக்குக்கத்தியை வாங்கிப் பாருங்கள். கீலுக்குள் செம்மண், பிவிசி அறுத்த தூள், தென்னை நார். வாழைக்கறை வேறு இவற்றையெல்லாம் சேர்த்து ஒட்டிவைத்திருக்கும். திறந்தால் கரகரக்கும். அதுகூடப் பரவாயில்லை, பூட்டு முழுசாக விழாமல் நிற்பதுதான் ஆபத்து. விழுந்துவிட்டது என்று நினைத்து அழுத்தும்போது அலகு விரல் மேல் மடங்கும். சேற்றுக் கையால் நகத்தைக் கொடுத்துத் திறப்பதும் நடக்காத காரியம். ஒரு கையில் டியூப் இருக்கும்போது இன்னொரு கையால் உருவ வேண்டும், வெட்ட வேண்டும், திரும்பச் செருக வேண்டும். மடங்காத கத்திக்கு இதெல்லாம் சுலபம். வேலை முடிந்ததும் போர்வெல் குழாயில் காட்டினால் கழுவிவிடும், துண்டில் துடைத்தால் தீர்ந்தது.

மடக்குக்கத்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்சல் பிரிப்பவருக்கு அதுதான் சரி. பிரான்சின் ஓபினெல் கத்தி 1890 முதல் வருகிறது. 1955-இல் அதன் கழுத்தில் ஒரு திருகு வளையம் சேர்த்தார்கள், அதைத் திருப்பினால் அலகு மடங்காது. அவ்வளவு எளிமையான பூட்டு வேறு இல்லை. ஆனால் அதன் மரப்பிடி மழையில் நனைந்து ஊதிவிட்டால் அலகு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஐப்பசி மழையில் தோட்டத்தில் நிற்பவனுக்கு அது ஒத்துவராது.

சரி, அளவுக்கு வருகிறேன். அலகு 5 முதல் 7 செ.மீ. போதும். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. "இத்தனூண்டு கத்தியில என்னங்க பண்றது?" நாள் முழுக்க நாம் வெட்டும் பொருள்களின் தடிமனை யோசித்துப் பாருங்கள். கயிறு, சாக்கு, டியூப், கேபிள், டேப், அட்டைப்பெட்டி, எலுமிச்சை. இதில் எதற்கு 10 செ.மீ. வேண்டும்? தேங்காய் வெட்டவும் கிளை கழிக்கவும் அரிவாள் இருக்கிறது. அலகு நீண்டால் உறை நீளும். உறை நீண்டால் உட்காரும்போது தொடை மடிப்பில் குத்தும். குத்துகிற கத்தியை நாலாவது நாள் டூல்ஸ் பெட்டியில் போட்டுவிடுவோம். பெட்டியில் கிடக்கிற கத்தி பைக்கத்தி அல்ல.

பிடி விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. நாலு விரலும் படிகிற பிடி என்றால் பை கொள்ளாது, இரண்டு விரல் பிடி என்றால் அழுத்தமே வராது. மூன்று விரல் நன்றாகப் படிந்து, சுண்டுவிரலுக்கு ஒரு கயிற்று வால் இருந்தால் அதுவே கச்சிதம். அந்த வால் பையிலிருந்து உருவவும் உதவும். அப்புறம் பிடியின் கனம். அமெரிக்காவின் ஈஸீ நிறுவனத்துக்கு இசுலா என்று ஒரு சின்னக் கத்தி உண்டு. தென்னமெரிக்கக் காட்டில் கடித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஒரு எறும்பின் பெயரை அதற்கு வைத்தார்கள். அலகு ஏறக்குறைய 6.7 செ.மீ. எடை குறைய வேண்டும் என்று பிடியையும் வெறும் தகடாகவே விட்டு நடுவில் துளைகள் போட்டிருக்கிறார்கள். பையில் இருப்பதே தெரியாது, உண்மை. ஆனால் அந்த 4 மி.மீ. தகட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று கோர் பிளாட் கேபிளைத் தொடர்ந்து உரித்துப் பாருங்கள், உள்ளங்கையில் வரி விழும். கயிறு சுற்றினாலோ பக்கத்தட்டு வாங்கி மாட்டினாலோதான் ஆகும். அப்படி மாட்டியதும் மெல்லிய கத்தி என்ற பெருமை போய்விடுகிறது.

கனத்தைப் பற்றிப் பேசாமல் யாரும் கத்தி வாங்கக் கூடாது என்பேன். அலகின் முதுகு, அதாவது கூருக்கு எதிர்ப்பக்க விளிம்பு, 4 மி.மீ. என்றால் கையில் எடுத்ததும் 'கெட்டியான சாமான்' என்று தோன்றும். கடைக்காரருக்கும் அதைச் சொல்லி விற்பது சுலபம். ஆனால் வெட்டுவது வாய் என்கிற கூர் விளிம்பு மட்டுமில்லை, வாய்க்குப் பின்னால் வருகிற கனமும் பொருளுக்குள் நுழைந்தாக வேண்டும். சின்னக் கத்தியில் அலகின் அகலமே 2 செ.மீ.தான் இருக்கும். அந்தக் குறுகிய தூரத்துக்குள் 4 மி.மீ. கனம் ஒன்றுமில்லாத கூராக இறங்கி வர வேண்டும் என்றால் சரிவு செங்குத்தாகத்தான் இருக்கும். கேரட்டை வெட்டினால் பாதியிலேயே டப்பென்று பிளந்துகொள்கிறதே, அது வெட்டு இல்லை, ஆப்பு. டியூப்பிலும் அதேதான். மெல்லிய அலகு நேராக இறங்கும், கனத்த அலகு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு சாயும்.

ஸ்வீடன்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். மோரா என்ற ஊரில் 1891-இல் தொடங்கிய கத்தி நிறுவனம் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து வரும் எல்ட்ரிஸ் என்ற குட்டிக்கத்தியின் முதுகு வெறும் 2 மி.மீ., அலகு 6 செ.மீ.க்குள். பார்த்தால் குழந்தைச் சாமான் மாதிரி இருக்கும். பிடி மட்டும் தடித்து, உருண்டு, கைக்குள் நிறைவாக உட்காரும். விலை, வேலை இரண்டையும் வைத்துப் பார்த்தால் முதல் கத்தியாக இதைத்தான் கை காட்டுவேன். ஒரே குறை, பிடி குண்டாக இருப்பதால் இறுக்கமான ஜீன்ஸ் பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். பெண்களுக்கு இன்னும் சிரமம். அவர்களின் ஜீன்ஸ் பையில் கைபேசியே பாதிதான் நுழைகிறது, சுடிதாருக்குப் பல தையல்காரர்கள் பையே வைப்பதில்லை. எல்ட்ரிஸைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிடலாம் என்கிறார்கள். கைப்பைக்குள் கிடப்பதைவிட அது மேல். ஆனால் பெல்ட் ஓடுகிற பம்புசெட், பவர் டில்லர், தறி இவற்றின் பக்கத்தில் கழுத்தில் கயிறு தொங்கவே கூடாது. மாட்டினால் இழுத்துவிடும். தொங்கவிடுவதென்றால் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகிற மணிச் சங்கிலிதான் சரி.

முனையைப் பற்றி ஒரு வரி. ஊசி முனை வேண்டாம். முதுகுக்கோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிற முனைதான் தினசரி வேலைக்கு நல்லது. வேட்டைக்கத்திகளில் இந்த வடிவத்தைப் பெரிதாகப் பரப்பியவர் பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர். வேட்டைக்காரர்களுக்குத் தோலுரிக்கும்போது உள்ளே குடல் கிழியக் கூடாது. எனக்குச் சுருளின் மேல் உறையைக் கிழிக்கும்போது உள்ளே டியூப் ஓட்டையாகக் கூடாது. கணக்கு ஒன்றுதான்.

இனி உறை. மடக்குக்கத்திக்கு அதன் பிடியே உறை. மடங்காத கத்தியைப் பையில் வைக்கிறோம் என்றால், திறந்த கூரைத் தொடைக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சுமக்கிறோம் என்று அர்த்தம். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வண்டியிலிருந்து விழுந்தால் கத்தி உறைக்குள் இருக்குமா என்பதுதான் கேள்வி, அலகு எந்த இரும்பு என்பதல்ல.

5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸிக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி–ஆஸ்திரியா எல்லைப் பக்கம், பனிக்குள்ளிருந்து கிடைத்த அந்த மனிதனிடம் ஒரு கத்தி இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லில் செய்த அலகு, மரப்பிடி, மொத்தம் 13 செ.மீ. சொச்சம். இன்றைக்குக் கடையில் பைக்கத்தி என்று விற்பதும் ஏறக்குறைய இதே நீளம். அதற்கு மரநாரில் பின்னிய உறை, இடுப்பு வாரில் கோக்க அந்த உறையில் ஒரு காது. நம்மூரில் பனையேறிகள் இடுப்பில் கட்டுகிற அருவாப்பெட்டியும் இந்த வகைதான். மரத்தின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்க்காமலேயே பாளை அருவாளை எடுக்கணும், பார்க்காமலேயே வைக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை முறை! அந்தப் பெட்டி சரியில்லை என்றால் அருவாள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை.

தோல் உறை அழகு, அதை மறுக்கவில்லை. நம் திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துகிற வழக்கம் பழையது. அப்படிப் பட்டையில் பதப்படுத்திய கெட்டித்தோல்தான் உறைக்கு ஏற்றது. பெல்ட்டில் தொங்கவிடுபவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பைக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் பேன்ட் பைக்குள் தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தோடு அலகை ராத்திரி முழுக்க அணைத்துக்கொண்டும் இருக்கும். துரு அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. தவிர, நாளாக ஆகத் தோல் இளகி, கத்தி லொடலொடவென்று ஆடும். அடிப்பக்கத் தையலில் முனை தட்டித் தட்டி ஒருநாள் வெளியே எட்டிப் பார்க்கும். தையலுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு கனத்த தோல்பட்டை வைத்துத் தைத்திருந்தால் இது நடக்காது. தோல் உறை வாங்கினால் அந்தப் பட்டை இருக்கிறதா என்று விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பைக்கு கைடெக்ஸ்தான். 1960-களில் அமெரிக்காவில் விமானங்களின் உட்புறப் பலகைகளுக்காக வந்த பிளாஸ்டிக் தகடு இது. சூடாக்கினால் குழையும், ஆறினால் அப்படியே இறுகும். கத்தியின் மேலேயே வைத்து அச்சு எடுப்பதால் பிடியும் அலகும் சேருகிற இடத்தில் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வேண்டும். உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள், கீழே மெத்தையோ மணலோ இருக்கட்டும். விழுந்தால் அந்த உறை பைக்கு ஆகாது. விழவில்லை என்றால் அடுத்து, கட்டைவிரலை உறையின் உதட்டில் ஊன்றித் தள்ளி எடுத்துப் பாருங்கள். இழுத்து எடுப்பது தப்பு. இழுத்தால் திடீரென்று விடுபட்டுக் கை எங்கேயோ போகும். தள்ளினால் அரை அங்குலம் மட்டும் நகர்ந்து நிற்கும், அதற்கப்புறம் நிதானமாக உருவலாம்.

இன்னொன்று, கத்தியை உருவும்போது உறையும் சேர்ந்து பையை விட்டு வரக் கூடாது. இதற்குக் கடையில் விதவிதமான கொக்கி விற்கிறார்கள். நான் ஒரு சாண் நைலான் கயிற்றில் உறையைக் கட்டி, மறுமுனையை பெல்ட் போடும் வளையத்தில் மாட்டிவிடுகிறேன். முள்வாங்கியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளும் பெரியவர்கள் இன்றைக்கும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், யோசனை அவர்களுடையதுதான். வேட்டி கட்டுபவர்களுக்கும் இதே வழி: உறையோடு இடுப்பு மடிப்பில் செருகி, கயிற்றை அரைஞாணிலோ பெல்ட்டிலோ மாட்டிவிடலாம்.

கைடெக்ஸ் தகடு தேடி அலைய வேண்டியதில்லை என்பதை ஒரு பிளம்பர் அண்ணன் எனக்குக் காட்டினார். பிவிசி குழாயே போதும். எங்கள் தொழிலில் 63 மி.மீ. குழாயின் மிச்சத் துண்டுகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு சாண் துண்டை நீளவாக்கில் அறுத்து, ஹீட் கன்னால் பரவலாகச் சூடு காட்டினால் அப்பளம்போலத் தளரும். பலகைக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அலகின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டணும், அதுதான் உள்ளே அலகு உரசாமலிருக்க இடம் விடும். தகட்டை மறுபடி சூடாக்கி, நடுவில் கத்தியை வைத்து மடித்து, இரண்டு பலகைக்கு இடையில் பழைய ரப்பர் செருப்பின் அட்டையைப் போட்டு ஏறி மிதித்தால் ஆயிற்று. ரப்பர் கத்தியின் வளைவு நெளிவெல்லாம் பார்த்து பிவிசியை அழுத்திவிடும். முழுசாக ஆறும்வரை காலை எடுக்கக் கூடாது. விளிம்பில் தார்ப்பாய்க்குப் போடும் வளையம் இரண்டு அடித்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டால் முடிந்தது. ஒரே எச்சரிக்கை: சூடு அதிகமாகி பிவிசி பழுப்பாக மாறினால் கிளம்புகிற புகை நெஞ்சுக்குக் கெடுதல், திறந்த இடத்தில்தான் செய்யணும். இந்த உறை பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் ஒரு இறக்குமதிக் கத்தியோடு வந்த பளபளப்பான உறையில் விரிசல் விழுந்தபோது, நான் செய்து மாட்டியது இதைத்தான். இன்றும் அது 'கிளிக்' என்கிறது.

இப்போது இரும்பு. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் முதலில் பார்க்க வேண்டியது துருதான். எல்ட்ரிஸில் வருகிற ஸ்வீடன் எஃகு 12சி27-இல் துருவைத் தடுக்கிற குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல், கரி (கார்பன்) 0.6 சதவீதம் அளவு. துடைக்காமல் வைத்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும். இசுலாவில் பெரும்பாலும் வருவது 1095 என்கிற எஃகு. கரி 0.95 சதவீதம் அளவு, குரோமியம் இல்லாத எஃகு. வாய் நன்றாக நிற்கும், ஆனால் மேல்பூச்சு இல்லாத இடத்தில் மறுநாளே செம்புள்ளி விழும். மாம்பழம், எலுமிச்சை, வாழைக்கறை பட்டுப் பட்டு அந்த அலகு சாம்பல் நிறமாகிவிட்டால் துரு கொஞ்சம் மட்டுப்படும். ராத்திரி ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், பழம் அரிகிற கத்திக்கு வேறு எண்ணெய் வேண்டாம். டி2 என்று ஒன்று அதிகம் விற்கிறது. 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, துருப்பிடிக்காது என்பார்கள். அதில் கரியும் ஒன்றரை சதவீதம் இருக்கிறது, குரோமியத்தில் பெரும்பங்கை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நெடுநாள் நிற்கும், போனால் திரும்பக் கொண்டுவரக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் கடலோடு பிழைப்பவர்களுக்கு எல்சி200என் போன்ற, கரிக்குப் பதில் நைட்ரஜனை நம்பும் எஃகுகள் உண்டு. உப்புத் தண்ணீரிலும் அசராது. விலைதான் அசர வைக்கும்.

ஊர் ஆசாரியிடம் செய்து வாங்கலாமே என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் தெரிந்து கேட்கணும். கொல்லுப்பட்டறையில் வழக்கமாக எடுப்பது லாரிப் பட்டை, அதாவது லாரியின் ஸ்பிரிங் தகடு. அரிவாளுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. அந்தக் கனத்தை 2 மி.மீ.க்குத் தட்டி இறக்குவது அவருக்குப் பெரிய வேலை, சின்னச் சாமானுக்கு அவ்வளவு கரி எரிக்க மனசும் வராது. கையில் வந்து சேருவது பெரும்பாலும் குட்டி அரிவாளாகத்தான் இருக்கும். பழுத்த இரும்பை முக்கிக் கடினமாக்குகிற தோய்ச்சலிலும் அப்படித்தான், அரிவாளின் அளவுக்குப் பழகிய கை அது. மெல்லிய அலகைச் சூட்டிலிருந்து எடுத்துத் தோய்க்கும்போது அது திருகிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இதற்கு வேறு வழி இருக்கிறது. இரும்புக் கம்பி அறுக்கிற பவர் ஹாக்ஸா பிளேடு தேய்ந்துபோனால் ஆயில்கறையோடு ஒரு மூலையில் கிடக்கும். அதில் முழுக்க ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எஃகாக வருவதைப் பார்த்து எடுக்கணும். கனம் ஏறக்குறைய 2 மி.மீ., கடினம் ஏற்கெனவே ஏற்றியது, தோய்ச்சல் வேலையே இல்லை. கிரைண்டரில் வடிவம் எடுத்தால் போதும். சாதாரணக் கரி எஃகு கிரைண்டரில் நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஹெச்எஸ்எஸ் 500 டிகிரி தாண்டியும் பதம் விடாது, சூட்டில் அறுப்பதற்கென்றே செய்தது. பட்டறைக்காரர்கள் சும்மா இருக்கிற நேரத்தில் ஒன்று செய்து, கருவேலம் கட்டையிலோ பழைய பைபர் ஷீட்டிலோ பிடி அடித்து வைத்திருப்பார்கள். கேபிள் உரிக்க இதை மிஞ்ச ஒன்றுமில்லை. துளை போட மட்டும் மெனக்கெட வேண்டும், சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். இது துருப்பிடிக்கும். அப்புறம், வளையாது, ஒடியும். நெம்பினால் முனை பளிச்சென்று தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் உள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் விலக்கு. நம் 6 செ.மீ. கத்தி அந்தக் கணக்குக்கு எங்கேயோ கீழே. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் கட்டுப்பாட்டை அறிவிக்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது. பொத்தானைத் தட்டினால் திறக்கும் கத்திகளுக்கு டெல்லியில் 1980-இலிருந்து அப்படி ஒரு அறிவிப்பு உண்டு. விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் போட வேண்டும். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், கட்சிக் கூட்டம், திருவிழாக் கூட்டம் என்றால் நான் வண்டியின் டூல்ஸ் பெட்டியிலேயே பூட்டிவைத்துவிடுவேன். வேலைக்காக வைத்திருக்கிறேன் என்பது தோட்டத்தில் நிற்கும்போது எடுபடும், நள்ளிரவில் பஸ் ஸ்டாண்டில் எடுபடாது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 அங்குலத்துக்குள் இருக்கிற, பூட்டு இல்லாத மடக்குக்கத்திக்கு மட்டும்தான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மடங்காதது ஒரு அங்குலம் இருந்தாலும் பொது இடத்தில் தக்க காரணம் காட்ட வேண்டும்.

சட்டத்தைவிட முகங்கள் முக்கியம். கறுப்பு அலகு, பல் வைத்த முதுகு, ராணுவப் பச்சைப் பிடி என்று ஒன்றை ஒரு வீட்டு வாசலில் உருவினால் அந்த வீட்டம்மா இரண்டடி பின்னால் போகிறார். அதே நீளத்தில் மரப்பிடி போட்ட கத்தியையோ ஆரஞ்சு நிறப் பிடியையோ எடுத்தால், "அந்த வெண்டக்காய்ச் செடியில கட்டியிருக்கிற கயித்தையும் அறுத்துவுட்டுருங்க தம்பி" என்கிறார். நிறம் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவே போதும். ஆரஞ்சு என்றால் புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும்.

இன்னும் மீதி இருப்பது இரவல். கத்தி கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தோட்டத்தில் அத்தனை பேரும் கேட்பார்கள். "ஏனுங் தம்பி, அதை இப்படிக் குடுங்க" என்று கேட்பவரே, கைக்குக் கை நேராகக் கொடுத்தால் சண்டை வரும் என்று தரையில் வைக்கச் சொல்வார், வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, யார் கையும் கூரில் படுவதில்லை. ஆனால் எடுத்தவர் அதை வைத்துக் கயிறு அறுக்க மாட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியின் ஸ்குரூவைத் திருகுவார், பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்புவார். என் ஹாக்ஸா பிளேடுக் கத்தியின் முனை போனது அப்படித்தான். நெம்பிய பெரியவர், "இரும்பு சரியில்லீங்க தம்பி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். இப்போது மேல்பையில் ஒரு டெஸ்டரும் வைத்திருக்கிறேன். யாராவது கத்தி கேட்டால் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பத்தில் ஏழு பேருக்கு அதைத்தான் நீட்டுகிறேன்.